கடலடி ஸ்கூட்டர் வாங்குவதற்கு முதல் பற்றரியைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சுழியோடுபவர்கள் கடலடி ஸ்கூட்டர், அதாவது தண்ணீருக்குள் ஆளை இழுத்துக்கொண்டு போகும் மோட்டர், வாங்க நினைத்தால் வேகத்தையும் ஆழத்தையும் கடைசியாகப் பாருங்கள். முதலில் பற்றரி. விளம்பரத்தில் மணிக்கு எத்தனை கிலோமீற்றர், எத்தனை மீற்றர் ஆழம் என்பதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள், பற்றரி எத்தனை வாட்-அவர் (அது சேமிக்கும் மின்சக்தியின் அளவு) என்பது கீழே ஒரு மூலையில் கிடக்கும். அந்த மூலையில் கிடக்கும் எண்தான் இந்தச் சாமான் உங்கள் கைக்கு வந்து சேருமா, வந்தால் எவ்வளவு தூரம் போகும், நாலைந்து வருடம் கழித்தும் ஓடுமா என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

நான் சில வருடமாகப் பாவிப்பது சின்ன வகை. இரண்டு சுழலி, இரண்டு கைபிடி, நடுவில் பற்றரி, முதுகுப்பையில் அடங்கும் அளவு. கொம்பனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது. பெரிய வகையை, அதாவது நீள உருளை உடலும் பின்னால் ஒரே ஒரு பெரிய சுழலியும் உள்ளதை, திருகோணமலையில் நண்பர் ஒருவரிடம் வாங்கிப் பல தடவை ஓட்டியிருக்கிறேன். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்று நினைத்துவிடாதீர்கள். சின்னது உங்கள் இரண்டு கையையும் பிடித்து இழுக்கும். பெரியதில் ஒரு கயிறு இருக்கும், அதை இடுப்புக்குக் கீழே வரும் பட்டியிலுள்ள வளையத்தில் கொழுவிவிட்டால் இழுவை முழுக்க உடம்புக்குப் போய்விடும், ஒரு கையால் திருப்பிக்கொண்டு மற்றக் கையை வேறு அலுவலுக்கு வைத்துக்கொள்ளலாம். கை சும்மா இருப்பது சின்ன விஷயமில்லை. கீழே இறங்கும்போது மூக்கைப் பிடித்துக் காதடைப்பை எடுக்க வேண்டும், பிசிடியில், அதாவது மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டையில், காற்று விடவோ எடுக்கவோ வேண்டும், ரோர்ச் பிடிக்க வேண்டும். சின்ன ஸ்கூட்டரில் இதில் எதைச் செய்வதென்றாலும் ஓட்டத்தை நிறுத்தித்தான் செய்யலாம்.

சரி, பற்றரிக்கு வருவோம். எங்கள் ஊரில் இந்த மாதிரிச் சாமான் வருகிற வழி ஊரறிந்தது: கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் யாராவது கொண்டுவர வேண்டும். லித்தியம் பற்றரிக்கு விமானத்தில் உள்ள விதி இது. 100 வாட்-அவருக்குள் என்றால் கைப்பொதியில் வரும். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி எடுக்க வேண்டும், உதிரியாக இரண்டுக்கு மேல் முடியாது. 160ஐத் தாண்டினால் பயணிகள் பொதியில் இடமே இல்லை, சரக்காகத்தான் அனுப்பலாம், அதற்கு வேறு கடதாசி, வேறு காசு. உதிரிப் பற்றரியைப் பெட்டிக்குள் வைத்துக் கீழே அனுப்பவும் கூடாது. மாமா பெட்டியைக் கட்டி முடித்த பிறகு இதைச் சொன்னால் உறவு கெட்டுவிடும், முதலே சொல்லிவிடுங்கள்.

பெரிய வகையில் சிலது மின்துளைப்பான் பற்றரியிலேயே ஓடும். டைவ் எக்ஸ்ட்ராஸ் செய்யும் பிளாக்டிப் அப்படியானது, மகிற்றா, டிவோல்ட் மாதிரியான கருவிகளின் பற்றரியைப் போடலாம். இது எங்களைப் போன்ற இடத்துக்கு எவ்வளவு பெரிய வசதி என்று நினைத்துப் பாருங்கள். 18 வோல்ற், 5 அம்பியர்-அவர் பற்றரி ஒன்று 90 வாட்-அவர்தான், விமானத்துக்கும் பிரச்சினையில்லை, பழுதானால் புதிது ஒன்றை ஹாட்வெயார் கடைக்காரரிடம் சொல்லிக் கொழும்பிலிருந்தே எடுப்பிக்கலாம். போலிப் பற்றரியும் அதே வழியால்தான் வருகிறது, நிறுத்துப் பாருங்கள், நிறை குறைவாக இருந்தால் உள்ளே செல் குறைவு. என்னுடையதில் கொம்பனியின் சொந்தப் பற்றரி மட்டும்தான் பொருந்தும். அது முதல் வருடம் ஓடியதில் பாதி நேரம்கூட இப்போது ஓடுவதில்லை. புதிது கேட்டு எழுதினால் அந்த மொடலை நிறுத்திவிட்டோம், புதிய மொடலை வாங்குங்கள் என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. மோட்டரில் ஒரு குறையும் இல்லை! பற்றரி இல்லாத நல்ல மோட்டரை வைத்து என்ன செய்வது.

ஓட்ட நேரம் பற்றி விளம்பரத்தில் சொல்வது மிகக் குறைந்த வேகத்துக்கான கணக்கு. தண்ணீருக்குள் வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும், அதாவது முழு வேகத்திலிருந்து கொஞ்சம் இறங்கினாலே நேரம் நிறையக் கூடும். முழு வேகத்தில் ஓடுவது கரையில் நிற்கும் மருமக்களுக்குக் காட்டத்தான் நல்லது.

இனி எங்கள் கடல். பாக்கு நீரிணைப் பக்கம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழம்தான், யாழ்ப்பாணக் களப்பு அதைவிடக் குறைவு. ஆகவே நூறு மீற்றர் ஆழம் தாங்கும் என்று கூடக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்கப் போகிறேன் என்றால் கதை வேறு, அது ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, அதற்கு ஸ்கூட்டருக்கு முதல் பயிற்சி வேண்டும். களப்புக்குள் ஸ்கூட்டரைக் கொண்டுபோகவே வேண்டாம், சேறு கிளம்பி நீட்டிய கை தெரியாது. காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணக்கல் அடித்தளம் என்பதால் தண்ணீர் ஓரளவு தெளிவு, அதுவும் சோழகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் வடகரை நிலத்தின் மறைவில் இருக்கும்போது. வாடை (வடகீழ்க் காற்று) தொடங்கினால் ஸ்கூட்டரைத் துடைத்து வைத்துவிட வேண்டியதுதான்.

ஆழத்தைவிடப் பெரிய எதிரி கடற்புல்லும் தங்கூசி எனும் நைலோன் இழையும். அறுந்த தங்கூசி வலைத் துண்டு கண்ணுக்கே தெரியாது, சுழலிக்குள் போனால் தண்டைச் சுற்றி இறுகிவிடும், அந்த இறுக்கத்தில் தண்டின் அடைப்பு வெட்டுப்பட்டால் உள்ளே தண்ணீர். சின்ன வகையில் சுழலியைச் சுற்றியிருக்கும் வலைமூடி விரல் போகாமல் தடுக்கும், தங்கூசியைத் தடுக்காது. ஒரு சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் என்னிடம் இருக்கும், கத்தியைவிட அதுதான் வேலை செய்யும். சுழலியைக் கருவியில்லாமல் கையால் கழற்றக்கூடிய மொடலா என்று கட்டாயம் பாருங்கள்.

குருநகரில் கடலட்டைக்குச் சுழியோடும் அண்ணை ஒருவருக்கு இதைக் காட்டியபோது அவர் வேகத்தைக் கேட்கவில்லை. “தம்பி, உது உன்னை இழுத்துக்கொண்டு போனா மேலை நிக்கிற வள்ளம் உன்னை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” என்றார். விற்பவர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வள்ளக்காரர் குமிழியைப் பார்த்துத்தான் பின்னால் வருவார், நாங்கள் காற்றுக்கு எதிரே நிமிடத்துக்கு ஐம்பது மீற்றர் போனால் அந்தக் குமிழி அலைக்குள் தொலைந்துவிடும். மிதவையைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போனால் கயிறு சுழலிக்குள் போகும். இப்போது நாங்கள் செய்வது, புறப்பட முதல் வள்ளக்காரரிடம் திசையையும் நேரத்தையும் சொல்லிவிடுவது, மேலே வருவதற்கு முதல் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மிதவைக் குழாயை ஊதி அனுப்புவது. அப்புறம், முன்கூட்டியே அறிவிக்க வேண்டியவர்களுக்கு அறிவித்துவிட்டு, வாங்கிய பற்றுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். நீருக்கடியில் மோட்டரோடு ஒருவன் போவதை எங்கள் கடலில் விளையாட்டாகப் பார்க்கமாட்டார்கள், ஏன் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அடுத்தது திரும்பி வரும் கணக்கு. இதைத் தாளில் போட்டுப் பார்க்காமல் ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது. பத்து நிமிடம் ஓடினால் 500 மீற்றர். அங்கே பற்றரி செத்தால் நீந்தித் திரும்ப, ஸ்கூட்டரையும் இழுத்துக்கொண்டு, அரை மணித்தியாலமாவது வேண்டும். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லீற்றர் காற்று. பத்து மீற்றர் ஆழத்தில், ஆறுதலாக மூச்சு விடுபவருக்குப் போகும் பத்து நிமிடத்துக்கு 400 லீற்றர், உழைத்து நீந்தி வரும் அரை மணித்தியாலத்துக்கு 1,500 லீற்றர் என்று வைத்தாலும் கொஞ்சம் மிஞ்சும். ஆழம் கூடக் கூட ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதல் காற்றுப் போகும். இதையே திருகோணமலையில் 25 மீற்றரில் செய்தால்? போக 700, திரும்ப 2,600க்கு மேல். சிலிண்டரில் அவ்வளவு இல்லை. ஆகவே ஸ்கூட்டர் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதல்ல, அது நின்றால் எவ்வளவு தூரம் நீந்தலாம் என்பதுதான் எல்லை, அது ஆழத்தோடு சுருங்கும். கூடப் போகிறவரிடமும் ஒரு ஸ்கூட்டர் இருப்பது நல்லது, ஒருவரை ஒருவர் இழுத்து வரலாம். ஏறும்போது மோட்டரைப் பாவிக்கவே கூடாது. நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்குள் ஏற வேண்டிய இடத்தில் இது நொடியில் தூக்கிவிடும். கடலட்டைச் சுழியோடிகளில் வாதம் வந்து நடை இழந்தவர்களை வடக்கில் பார்த்திருக்கிறோம், கெதியாக மேலே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பராமரிப்பில் எங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல்: கரையோரக் கிணறு பலது உவர். உவர் தண்ணீரில் கழுவினால் கழுவியதாகாது, காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். நான் மழைத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து அதில் ஊறவிடுகிறேன். கடலில் மிதந்தது வாளியில் மெதுவாகத் தாழ்ந்தால் பயப்பட வேண்டாம், பத்து லீற்றர் இடத்தைப் பிடிக்கும் ஒரு பொருளுக்கு நல்ல தண்ணீருக்கும் கடலுக்கும் கால் கிலோ மிதப்பு வித்தியாசம் உண்டு. ஓ-ரிங்கில், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தில், ஒரு தலைமயிர் கிடந்தாலே தண்ணீர் கசியும், ஒவ்வொரு முறையும் துடைத்துச் சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகப் பூச வேண்டும். விசை காந்தத்தால் வேலை செய்கிற மொடலை எடுங்கள், உடலில் துளையே இல்லாததால் அந்த வழியால் கசிவு வராது. ஆனால் புல்மோட்டைப் பக்கக் கரைகளில் மணலில் வைக்காதீர்கள், அங்கத்தைய கருமணல் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு விசையை இறுக்கிவிடும். வாடைக்காலம் முழுக்கச் சும்மா வைப்பதென்றால் பற்றரியைப் பாதி சார்ஜில், குளிரான அறையில் வையுங்கள். முழு சார்ஜோடு வெயிலில் நிற்கும் வானுக்குள் விட்டால் கடலைக் காணாமலே கிழடாகிவிடும்.

இன்று வாங்குவதென்றால் நான் கருவிப் பற்றரி போடும் பெரியதை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவேன். தனியாக வாங்க விலையும் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட நிறையும் இடம் கொடாது. காங்கேசன்துறையில் கரைக்குப் பக்கத்தில் மட்டும் சுற்றுபவருக்குச் சின்னது போதும், ஆனால் இரண்டாவது பற்றரியையும் சேர்த்தே அதே நாளில் வாங்கிவிடுங்கள், மூன்று வருடம் கழித்து அது கிடைக்காது.