மலேசியா வாசுதேவன் கேசட்டுகளும் ஜங்ஷன் கடையும்

1980களில் என் அப்பா பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய 14 கேசட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. எல்லாமே மலேசியா வாசுதேவன் பாடியவை. கேசட் பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தரும் கடை ஒன்று திருநெல்வேலி ஜங்ஷனில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கேசட்டுக்கு 150 ரூபாய். சொன்ன பத்தாம் நாள் தந்துவிட்டார்கள்.

கடைக்காரரின் பொறுமையை முதலில் சொல்ல வேண்டும். ஒரு கேசட்டில், நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்துபோயிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் பாட்டு மங்கலாகத்தான் வந்திருக்கும். அவரோ ஐந்து திருகாணிகளையும் கழற்றி, வேறொரு பழைய கேசட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்துப் பொருத்திய பிறகே பதிவைத் தொடங்கினார். இரைச்சலை நீக்கித் தருமாறு நான் கேட்டபோது, "அண்ணாச்சி, ரொம்ப எடுத்தா குரலும் சேந்து போயிரும், கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினார். சுத்தம் செய்த பதிவில் வாசுதேவன் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று பாடுவதுபோல் இருந்தது. இரைச்சலோடு இருந்ததையே வாங்கிக்கொண்டேன்.

அந்தக் குரலின் கரகரப்பை இழக்க எனக்கு மனமில்லை. 1944இல் மலேயாவில் மலையாளக் குடும்பத்தில் பிறந்து, அங்கே நாடகங்களில் நடித்து, பிறகு சென்னைக்கு வந்து வாய்ப்புத் தேடிய மனிதர் அவர். 1977இல் '16 வயதினிலே' படத்தில் பாடியபோது, எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாவில் குழாய் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டவர்கள் உள்ளூர்க்காரர் பாடுவதாகவே எண்ணியிருப்பார்கள். சிவாஜிக்கு டி.எம்.எஸ். குரலே பழகிப்போயிருந்த காதுகளை 1985இல் 'முதல் மரியாதை'யில் தன் பக்கம் திருப்பியவரும் இவர்தான். அதே ஆண்டு 'ஒரு கைதியின் டைரி'யில் வில்லனாகவும் நடித்தார். 2011இல் அவர் மறையும்வரை அவருக்குரிய இடத்தைத் தமிழ்த் திரையுலகம் முழுமையாகக் கொடுக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

அதனால்தான் கடையின் ஒரு பிழை என்னை உறுத்தியது. 'கோழி கூவுது' படத்தின் 'பூவே இளைய பூவே' பாட்டுக்கு எஸ்.பி.பி. பெயரைப் போட்டிருந்தார்கள். மென்மையான பாட்டென்றால் அது வாசுதேவனாக இருக்காது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். சொன்னதும் திருத்திக் கொடுத்தார்கள். சில கேசட்டுகளில் இரண்டாம் பக்கத்தின் ஒலி சற்றுக் குறைவாக இருக்கிறது, அதையும் கவனித்திருக்கலாம். பூஞ்சை பிடித்த கேசட்டுகளை இங்கே வாங்குவதில்லை.

ஒரு கேசட்டின் முதல் பக்கம் பாட்டின் நடுவிலேயே முடிந்துவிடும். முழுப் பாட்டையும் வேறிடத்திலிருந்து எடுத்துச் சேர்த்துத் தரவா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த இடத்தில்தான் அப்பா எழுந்துபோய்க் கேசட்டைத் திருப்பிப் போடுவார்.