பந்தர் தெரு பர்த்டே சாமான் கடை: மொட்டை மாடி இளவரசிக்குப் போதும்

மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள், இளவரசி தீம்தான் வேணும்னு அடம். ஹால் வாடகை கட்டுப்படியாகாது. மொட்டை மாடியே அரண்மனை என்று முடிவு செய்து, சென்னை பாரிமுனை பந்தர் தெருவில் ஒரு மொத்த விலைக் கடைக்குப் போனேன்.

தங்க நிற அட்டைக் கிரீடம் டஜன் 120 ரூபாய். உள்ளே எலாஸ்டிக் வைத்துத் தைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடியும் கழன்று விழவில்லை. ரோஸ் நெட் துணியைக் கொடிக்கம்பியில் தொங்கவிட்டதும் போட்டோவுக்குப் பின்னணி ரெடி.

பலூன்தான் மட்டம். நாலு மணி வெயிலுக்கே பட்பட்டென்று வெடித்தது (வாண்டுகளுக்கு அதுவும் கொண்டாட்டம்). ஜிகினாத் தாள் தோரணம் மாடிக் காற்றுக்குத் தாங்காது, துணித் தோரணமாகக் கேளுங்கள். சில்லறையாகக் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார். ஜிபே உண்டு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடை பூட்டியிருக்கும்.