தகடு காட்டிய ஸ்ட்ராங், தூதரைக் கண்ட ஃபெட்டிங்

அமெரிக்காவில் மோர்மன் சமயப் பிரிவைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் 1844-ல் கொல்லப்பட்டதும் "அடுத்த தீர்க்கதரிசி நான்தான்" என்று கிளம்பியவர்களில் ஜேம்ஸ் ஸ்ட்ராங் தனி ரகம். மோர்மனாக ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, ஆனால் ஆள் வக்கீல் அல்லவா, சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது என்று தெரிந்திருக்கிறது: 1845-ல் விஸ்கான்சினில் வோரீ என்ற இடத்தில் நான்கு பேரை விட்டுத் தோண்டச் சொல்லி, அவர்கள் எடுத்த மூன்று சின்னப் பித்தளைத் தகடுகளை, ஸ்மித் தங்கத் தகடுகளிலிருந்து வேதநூலை மொழிபெயர்த்ததாகச் சொன்னது போலவே, மொழிபெயர்த்தும் கொடுத்தார். 1850-ல் மிச்சிகன் ஏரியில் உள்ள பீவர் தீவில் ராஜாவாக முடிசூடல், அடுத்த வருடமே புது வேதநூல். 1856-ல் சுடப்பட்டு, வாரிசு யாரென்று சொல்லாமலே செத்துப்போனார்.

ஓட்டோ ஃபெட்டிங்கிடம் தகடும் இல்லை, கிரீடமும் இல்லை. மிசூரியின் இண்டிபெண்டன்ஸில், ஸ்மித் வழியில் வந்த சின்னக் கிளைகளில் ஒன்றான டெம்பிள் லாட் சபையின் அப்போஸ்தலர். 1927 முதல் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானகனே தூதராகத் தன்னிடம் வந்து பேசுவதாகச் சொன்னார். கோயில் கட்டுங்கள் என்ற வரைக்கும் சபை கேட்டது, 1929-ல் எல்லோரும் மறுபடி ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றதும் உடைந்தது.

என்னைக் கேட்டால், ஃபெட்டிங் வழிதான் கெட்டி. 1933-ல் அவர் இறந்தார். 1937-ல் வில்லியம் ட்ரேவ்ஸ் "அதே தூதர் என்னிடம் வருகிறார்" என்று தொடர்ந்துவிட்டார். வோரீ தகடுகளோ காணாமல் போயே நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.