ஸ்பெக்ட்ரமின் முதுகில் ஆறு ஆண்டுகள்

1982இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே கணினி ஒன்று ஆறு ஆண்டுகளாக என் மேசையில் இருக்கிறது. 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 பிராசசர், அழிரப்பரைப் போல் நசுங்கும் விசைகள். விளையாடத்தான் வாங்கினேன், விளையாடியதைவிடச் சால்டரிங் அயர்னோடு அதன் முதுகுப்பக்கம் உட்கார்ந்திருந்த நேரமே அதிகம்.

அந்த முதுகுப்பக்கத்தில் சர்க்யூட் போர்டின் விளிம்பே கனெக்டராக நீட்டிக்கொண்டிருக்கும். மேலே 28, கீழே 28 தொடுமுனைகளுக்கு இடம். எந்த இடம் என்று குறிக்கும் பிராசசரின் முகவரிக் கம்பிகளும், எண்களைச் சுமக்கும் தரவுக் கம்பிகளும் இடையில் எந்தத் தடுப்பும் இல்லாமல் அங்கே வந்து நிற்கின்றன. வீட்டில் கருவி செய்பவனுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. கை தவறினால் அடியும் நேராகப் பிராசசருக்குத்தான்.

முதலில் செய்தது, ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகள் பலவற்றுக்கும் பழக்கமான கெம்ப்ஸ்டன் வகை ஜாய்ஸ்டிக் இணைப்பு. ஜாய்ஸ்டிக்கின் நிலையைத் தரவுக் கம்பிகளில் ஏற்றும் 74எல்எஸ்240 சிப் ஒன்று, முகவரியைச் சரிபார்க்க இன்னொரு சிறிய சிப், சில ரெசிஸ்டர்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது. இடது, வலது, கீழ் மூன்றும் ஒழுங்காக நகர்ந்தன. மேலே தள்ளினாலும் சுடும் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடக்கவில்லை. கணினியிலேயே இருக்கும் பேசிக் மொழியில், ஜாய்ஸ்டிக்குக்கான 31ஆம் போர்ட்டை, அதாவது வெளிக்கருவியோடு பேசும் முகவரியை, படித்துப் பார்த்தேன். மேல் திசைக்கு 8 வரவேண்டிய இடத்தில் 64. சுடுவதற்கு 16க்குப் பதில் 32. அதன் பிறகுதான் கனெக்டரின் வரைபடத்தை உருப்படியாகப் படித்தேன். தரவுக் கம்பிகள் அங்கே 0, 1, 2, 6, 5, 3, 4 என்று நிற்கின்றன! 7 மட்டும், கனெக்டரைச் சரியாகப் பொருத்துவதற்காக விளிம்பில் விட்டிருக்கும் வெட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக. வரிசையாகத்தான் இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டு பற்றவைத்திருந்தேன்.

அந்த வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழ்ப்பக்கத்தில் அதை ஒட்டி 5 வோல்ட்டும் 9 வோல்ட்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. கனெக்டரில் அந்த இடத்தை அடைக்கும் பிளாஸ்டிக் துண்டு இல்லாமல், ஒரு பல் தள்ளிச் செருகிவிட்டால் கதை முடிந்தது. துண்டு இருந்தாலும் மின்சாரம் ஓடும்போது கழற்றவே கூடாது.

அடுத்தது ஒலி. 48கே கணினிக்குத் தெரிந்தது வெறும் பீப் ஒலிதான். பின்னால் வந்த 128கே ஸ்பெக்ட்ரமில் இருந்த ஏஒய்-3-8912 என்ற இசை சிப்பை இதற்கும் பொருத்தினேன். அதற்கு வேண்டிய கிளாக்கை, அதாவது தாளம் போடும் துடிப்பை, கனெக்டரில் வரும் 3.5 மெகாஹெர்ட்ஸையே பாதியாக்கிக் கொடுத்தேன். சிக்கனம் என்று பெருமை வேறு. சில பாட்டுகள் அருமையாக ஒலித்தன. சிலவற்றில் சுருதி நடுங்கியது. சிப்பைச் சந்தேகித்து இன்னொன்று வாங்கினேன், அதுவும் நடுங்கியது. திரையை வரையும் யுஎல்ஏ சிப், கீழ் 16கே மெமரியைப் பிராசசர் அந்த நேரத்தில் தொட வந்தால் கிளாக்கையே நிறுத்தி வைக்கிறது. நான் எடுத்த கிளாக்கும் அதுதான். துடிப்பைத் தானே உண்டாக்கும் தனி ஆசிலேட்டர் வைத்த நாளிலிருந்து நடுக்கம் இல்லை.

ஆறு ஆண்டில் அதிகம் படுத்தியது இந்த மின்னணுவியல் இல்லை, கனெக்டர் அசைந்து ஆடுவதுதான். மேசையை இடித்தால் போதும், கணினி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கணினியையும் போர்டுகளையும் ஒரே பலகையில் திருகி வைத்தேன். தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அவ்வப்போது துடைக்கிறேன். 9 வோல்ட்டை 5 ஆக்கும் 7805 மிச்சத்தை வெப்பமாகவே கொட்டுவதால், எல்எஸ் வகைச் சிப்களை, குறைவான மின்சாரம் இழுக்கும் எச்சிடி வகைக்கு மாற்றினேன். கோடையில் வித்தியாசம் கையிலேயே தெரிகிறது.

மூன்றாவதாக, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்களை இயக்க, 8255 என்ற உள்ளீட்டு வெளியீட்டு சிப் வைத்த ஒரு போர்டும் செய்தேன். ஜாய்ஸ்டிக் இணைப்பு ஒரே ஒரு முகவரிக் கம்பியை மட்டும் பார்ப்பதால், 31, 95 ஆகிய போர்ட் எண்கள் இரண்டிலும் இரண்டு போர்டுகளும் சேர்ந்து பதில் சொல்லின. ஜாய்ஸ்டிக்கை 31க்கு மட்டும் பதில் சொல்லும்படி திருத்தி, 8255ஐ 159க்கு மேல் நகர்த்திச் சரிசெய்தேன். ஆனால் ரிலேயால் இயக்க வீட்டில் எதுவும் இருக்கவில்லை. போர்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதன் சாக்கெட்டில் இருந்த சிப்பைப் போன மாதம் வேறு வேலைக்குக் கழற்றிக்கொண்டேன்.