பையன் கார் ஓட்டி மாட்டினான்: டர்பன் வக்கீல் ஆபீசுக்கு 5க்கு 3

பெயர் போடவில்லை. தென்னாப்பிரிக்கா டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸ், கீழே மசாலாக் கடை, மாடியில் இவர்கள்.

நான் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோது 16 வயசுப் பையன் சாவியை எடுத்துக்கொண்டு பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) வாங்கக் கிளம்பி, ரோட்பிளாக்கில் மாட்டிக்கொண்டான். இங்கே காருக்கு லர்னர்ஸ் எடுக்கவே 17 வயசு ஆகணும், லைசென்ஸுக்கு 18. கொஞ்ச நாளில் சம்மன் வந்தது.

முதல் அரை மணி நேரத்துக்கு முழு மார்க். "அபராதம் எவ்வளவு, கட்டிவிட்டு வந்துவிடுகிறேன்" என்றேன். அந்த வக்கீல் அம்மா (பாட்டியோடு தமிழ் போச்சு அங்கிள், கேட்டால் புரியும் என்று சிரித்தார்) தலையை ஆட்டினார். பெரியவர்களே ஒப்புதல் அபராதம் (தப்பை ஒப்புக்கொண்டு கோர்ட்டுக்குப் போகாமல் கட்டுவது) கட்டினால் 1977 குற்றவியல் நடைமுறைச் சட்டம் 57ஆம் பிரிவின்படி அது தண்டனை பெற்ற கணக்காகிவிடலாம்; 18 வயசுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு வழியே வேறு. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் சிறார் நீதிச் சட்டப்படி முதலில் பிரொபேஷன் ஆபீசர் (நன்னடத்தை அதிகாரி) பையனோடு பேசுவார், பிறகு மாஜிஸ்திரேட் முன் பூர்வாங்க விசாரணை, அங்கேயே டைவர்ஷன் (வழக்குக்குப் பதிலாக மாற்று வழியில் திருப்பிவிடுவது) கிடைத்தால் வழக்கு கோர்ட்டுக்குப் போகாது, குற்றப் பதிவும் வராது. ஆனால் பையன் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். இதைப் பொறுமையாக, பேப்பரில் கட்டம் போட்டு விளக்கினார்.

பிரொபேஷன் ஆபீசர் "யார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டதும் என் பிள்ளை யோசிக்கவே இல்லை: "அப்பாதான், ஞாயிற்றுக்கிழமைகளில்." லைசென்ஸ் இல்லாதவர் கையில் காரைக் கொடுத்தால் உரிமையாளர் மேலும் கேஸ் வரும் என்று வக்கீல் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார், எனக்கு வேர்த்துவிட்டது. சாவியை நான் கொடுக்கவில்லை என்பதால் தப்பித்தேன். இதுவே நம்ம இந்தியா என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு: பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. அங்கேயும் சிறுவனை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம்தான், வழக்கமான கோர்ட் இல்லை.

எங்களுக்கு நன்னடத்தை உத்தரவும், குறிப்பிட்ட மணி நேரம் குடும்பத்தோடு இருக்கணும் என்ற உத்தரவும் கிடைத்தன. அரசாங்கம் சொல்லித்தான் பையன் எங்களோடு சாப்பிட உட்காருகிறான்.

சரி, 2 மார்க் ஏன் போச்சு? பில்லால். பூர்வாங்க விசாரணைக்கு வக்கீல் கட்டாயமில்லை, அப்பா அம்மா கூட வந்தாலே நடந்துவிடும். வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போனால்தான் வக்கீல் இல்லாமல் முடியாது, அங்கேயும் லீகல் எய்ட் இருக்கிறது. இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கூடவே வந்து, வராந்தாவில் காத்திருந்த 2 மணி நேரத்தையும் ரேண்டில் (இங்கத்திப் பணம்) பில் போட்டுவிட்டார்கள். நான் பேசிய 6 நிமிஷ போன் காலுக்குக்கூட பில்லில் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

முதல் சந்திப்புக்கு மட்டும் போங்கள், அதற்கான ஃபீஸ் நியாயம்தான். மற்றதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்கிங் கிடையாது, கடைக்காரரிடம் ஒரு பாக்கெட் மிளகாய்த்தூள் வாங்கினால் வாசலில் நிறுத்த விடுவார்.