கோபர் பாக்க லிங்ஸ், நல்ல சாமான்

படுவான்கரைப் பக்கம் சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடு எண்டு நிக்கிற இடத்தில இருந்துதான் எழுதுறன். போன்ல டேர்மக்ஸ் (கட்டளை எழுதி வேலை செய்யிற அப்) போட்டு அதுக்குள்ள லிங்ஸ் எண்ட எழுத்து மட்டும் காட்டுற பிரவுசர இறக்கி கோபர் சேர்வர் பாக்கிறன், உண்மையா இந்த நெட்டுல இவ்வளவு சுறுக்கா ஒண்டும் திறக்கிறதில்ல. கோபர் எண்டா 1991ல மினசோட்டா யுனிவர்சிட்டில செஞ்ச ப்ரோட்டோகால் (நெட்டுல பைல் தேடி எடுக்கிற முறை), போர்ட் 70, விளம்பரம் ஒண்டும் இல்ல, பெரும்பாலும் மெனுவும் எழுத்தும்தான். பயர்பொக்ஸ்ல இருந்து 2011லயே எடுத்திட்டாங்க, அதால இப்ப கமாண்ட் லைன்தான் (கட்டளை எழுதிப் பாக்கிறது) வசதி.

லிங்ஸ்ல வலது அம்புக்குறிய அமத்தினா உள்ள போகும், இடத அமத்தினா திரும்பி வரும், அவ்வளவுதான். கேர்ள் (curl) எண்ட கமாண்ட்லயும் எடுக்கலாம், ஆனா அது மெனுவ அப்பிடியே பச்சையா கொட்டும், வரிக்கு முன்னுக்கு 0 எண்டா எழுத்து பைல், 1 எண்டா இன்னொரு மெனு, மறுகா பேர், பிறகு டேப் விட்டு டேப் விட்டு பாதை, சேர்வர் பேர், போர்ட். நெட்வேர்க் படிக்கிற பிள்ளையள் இத ஒருக்கா கட்டாயம் பாக்கணும், முழு ப்ரோட்டோகாலும் ஒரு வரியில கண்ணுக்கு முன்னால கிடக்கும், எனக்கு அதுதான் பெரிய சந்தோசம்.

குறையும் இருக்கு. டேர்மக்ஸ்ல தமிழ் எழுத்து கொம்பு வேற கால் வேறயா உடைஞ்சு வருது, வாசிக்க கஸ்டம். என்க்ரிப்ஷன் (அனுப்புறத மத்தவங்க வாசிக்கேலாம மறைக்கிறது) இல்ல, அதால பாஸ்வேர்ட் மாதிரி ஒண்டையும் இதில அனுப்பப்படாது. புதுசா தொடங்கிறவங்க ப்ளட்கப் (Floodgap) கோபர் சேர்வர்ல தொடங்குங்க, அங்க இருந்தே மத்த சேர்வருகளுக்கும் போகலாம்.