வல்லநாட்டு வெயிலில் ஒரு மலிவு விலை கேமரா டிராப்

கேமரா டிராப் என்பது மரத்தில் மாட்டிவிட்டு வந்தால், மிருகம் கடந்து போகும்போது தானே படம் எடுக்கும் கேமராப் பெட்டி. இது ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு ஆன்லைனில் வாங்கியது. வல்லநாடு வெளிமான் சரணாலயத்தில் வனத்துறை அனுமதியோடு எங்கள் கல்லூரி செய்யும் கணக்கெடுப்புக்காக. தூத்துக்குடி மாவட்டத்தில் 1987-இல் அறிவிக்கப்பட்ட, 16 சதுர கிலோமீட்டர் முள்காடு அது. வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடி அதுதான்.

இரவில் குறையே சொல்ல முடியாது. 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு என்பதால் சிவப்பாக மினுங்குவதில்லை. தொட்டியில் தண்ணீர் குடிக்கும் முயல் தலையைக்கூடத் தூக்கவில்லை. கீரியின் வால்முடி வரை தெரிகிறது.

பகலில்தான் வில்லங்கம். இதிலுள்ள சென்சார் அசைவை மட்டும் பார்ப்பதில்லை. பின்னணியின் சூட்டுக்கும் கடந்து போகும் உடலின் சூட்டுக்கும் வித்தியாசம் இருந்தால்தான் படம் எடுக்கும். செம்மண் தரை காலையில் சூடேறும்போதும் சாயங்காலம் ஆறும்போதும் மானின் மேல்தோல் சூட்டை ஒட்டியே வரும் நேரம் ஒன்று உண்டு. வெளிமான் மேய வருவதும் ஏறக்குறைய அப்போதுதான்! குளம்புத் தடம் மண்ணில் பதிந்திருக்கும், கார்டில் மான் இருக்காது. விலை கூடிய கேமராவிலும் இந்தச் சங்கடம் உண்டு, கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மான் எண்ணிக்கைக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். நேரில் நடந்து எண்ணுவதற்கு மாற்று இல்லை.

மதியம் சூடான புல் காற்றில் ஆடினால் வெறும் புல்லாகப் படம் எடுத்துத் தள்ளும். “அண்ணாச்சி, புல்லை வெட்டாதிய, பெட்டியத் திருப்பி வைங்க” என்றார் உடன் வந்த காவலர். தொட்டியின் சிமெண்ட் விளிம்பைப் பார்த்துத் திருப்பினோம், பாதி தொல்லை ஒழிந்தது. கிழக்கையோ மேற்கையோ பார்த்து வைத்தால் வெயில் நேராக விழும், தவிருங்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது விளம்பரத்தில் கடைசி வரியில் இருந்த டைம்லாப்ஸ் வசதி. தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுக்கும்படி வைத்து, ஒரு குடைவேல மரத்தின் முன் மாட்டினோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சாம்பல் குச்சியாக நின்றது எந்த வாரம் துளிர்த்தது, அடியில் புல் எப்போது எழுந்தது, எப்போது காய்ந்தது, எல்லாம் தேதியோடு வரிசையாக இருக்கிறது. சூட்டு வித்தியாசம் என்ற பிரச்சினையே இதற்குக் கிடையாது. என்னைக் கேட்டால், இந்த வெயிலுக்கு இது மிருகத்தைவிடச் செடிக்குத்தான் பொருத்தம்.

வாங்கிய அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சல் கணக்கை நம்பாதீர்கள், பெரிதாக்கினால் கலங்குகிறது. சாதாரண ஆல்கலைன் பேட்டரி இரவுப் படங்களுக்குச் சீக்கிரம் தளர்ந்துவிடும், ரீசார்ஜ் செய்யும் நல்ல செல் போடுங்கள். மெமரி கார்டு தனியாக வாங்க வேண்டும். அப்புறம், சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் இதை மாட்டினால் வழக்கு வரும். தோட்டத்திலோ கண்மாய்க் கரையிலோ வைக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை.